அம்பை பதினாறும் ஒரு புகையானும்: மகளை அக்ரி படிக்க வைக்கலாமா?

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் நிலம். ப்ளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. அக்ரிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "நாலு தலைமுறையா வயல்லயே கெடக்கோம், இதைப் போயி காலேஜ்ல படிக்கணுமா? அம்பையிலயும் கிள்ளிகுளத்துலயும் இத்தனை வருசமா ஆராய்ச்சி பண்ணுதாங்களே, அதுல நமக்கு என்ன வந்துச்சு?" என்று அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியையும் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கார் நடவு வயலில் அடியிலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது, யூரியா போடலாமா என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும்தான் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது. காரணம் போகப் போகத் தெரியும்.

என்ன வந்தது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்று காலையில் உங்கள் வீட்டில் இட்லி என்றால், வந்தது தட்டிலேயே இருந்திருக்கும். கடையில் இட்லி அரிசி என்று அளந்து கொடுப்பதில் பெரும்பகுதி குட்டைப் பருமன் அரிசி. அதில் பேர்பெற்றது நம் அம்பை 16. விதைப் பையின் அட்டையில் ஏ.எஸ்.டி. 16 என்று இருக்கும். அம்பாசமுத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி மூன்றெழுத்தாகச் சுருக்கியது அது. களத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "அம்பை பதினாறு" என்றால்தான் நெல் வியாபாரி நிமிர்ந்து பார்ப்பார். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தொடங்கியது. அங்கே ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் ஒட்டுச் சேர்த்து எடுத்த ரகம் 1986-இல் வெளியானது. வயது 110 முதல் 115 நாள். கார் பருவத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து, பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து, நட்டு, அறுத்து, அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவுவதற்குள் வயலைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும் அல்லவா, அந்தக் கணக்குக்குள் அடங்கிய நெல் அது. இப்போது அதற்குப் பிள்ளையும் பிறந்துவிட்டது. நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரம் நிலையத்தின் டி.பி.எஸ். 5, அம்பை 16-ஐ ஆடுதுறை 37-உடன் சேர்த்ததில் வந்தது.

ஒட்டுச் சேர்ப்பது என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டேன். செய்கிறவருக்கு அது கழுத்து வலி. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், பூ விரியும்போதே தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க முதல்நாள் சாயங்காலமே கதிரைப் பிடித்து, ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, பட்டர் பேப்பர் உறை மாட்ட வேண்டும். மறுநாள் வெயில் ஏறி, அப்பன் ரகத்தின் பூ விரியும் நேரம் பார்த்து, அதன் கதிரைக் கொண்டுவந்து இதன்மேல் உதற வேண்டும். ஒரு கதிரில் இருபது மணி பிடித்தால் அன்றைக்கு டீ அவர் செலவு. அந்த மணிகளை விதைத்தால் முதல் தலைமுறை எல்லாம் அச்சடித்தது போல ஒன்றாக நிற்கும். இரண்டாம் தலைமுறையில்தான் கூத்து. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஆயிரக்கணக்கான செடிகளில் நெட்டை, குட்டை, முந்தியது, பிந்தியது, சாய்ந்தது, சாயாதது என்று வயலே சந்தைக்கடை ஆகிவிடும். அதில் பொறுக்கி, விதைத்து, மறுபடி பொறுக்கி, ஆறேழு தலைமுறை கழிந்த பிறகுதான் குணம் நிலைக்கும். அப்புறம் பல இடச் சோதனை. அப்புறம் உழவர் வயலிலேயே அனுசரணை ஆராய்ச்சித் திடல். அதற்கும் பிறகு ரக வெளியீட்டுக் குழு. பத்துப் பன்னிரண்டு வருஷம் சர்வசாதாரணம். ரகத்துக்குப் பெயர் வைக்கும்போது, முதல் கதிரைக் கத்தரித்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அட்டையில் நிலையத்தின் பெயர் இருக்கும், அவர் பெயர் இருக்காது.

அம்பையிலிருந்து போன இன்னொரு நெல்லைப் பற்றி நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. புகையான் உங்களுக்குத் தெரியும். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி. மேலே இருந்து பார்த்தால் வயல் பச்சையாகவே இருக்கும். ஒருநாள் வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்களும் உரமும் ஆசியா முழுக்கப் பரவியபோது இந்தப் பூச்சியும் சேர்ந்தே பரவியது. 1971-இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் புகையானைத் தாங்கும் மரபணுக்களை முதன்முதலாகப் பிரித்து அடையாளம் கண்டார்கள். ஒன்று முட்கோ என்ற ரகத்தில் இருந்தது. மற்றொன்று இருந்தது ஏ.எஸ்.டி. 7 என்ற ரகத்தில். ஆமாம், நம் அம்பை ஏழு. பூச்சியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, முதலாவதற்கு பி.பி.எச். 1 என்றும் இரண்டாவதற்கு பி.பி.எச். 2 என்றும் பெயர் வைத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் பாடம். முதல் மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 26 என்ற ரகம் 1973-இல் வந்தது. எல்லாரும் அதையே நட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்தில், அதையும் தின்னப் பழகிய புகையான் கூட்டம் பெருகிவிட்டது. அடுத்து 1976-இல் ஐ.ஆர். 36, அதன் தாங்குதிறன் அம்பை ஏழில் கண்ட அந்த இரண்டாம் மரபணு. அது கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது, ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக அதிகமாக நடப்பட்ட நெல்லாகவும் இருந்தது. இன்றைக்கும் புகையான் ஆராய்ச்சி செய்யும் கூடங்களில் ஒரு தட்டில் வரிசையாக நாற்று வளர்த்துப் பூச்சியை விடுவார்கள். எதையும் தாங்காத டைச்சுங் நேட்டிவ் 1 ஒரு வரிசை, நன்றாகத் தாங்கும் பட்டாம்பி 33 ஒரு வரிசை, நடுவில் அளவுகோலாக நம் ஏ.எஸ்.டி. 7 ஒரு வரிசை. எந்த வரிசை சாய்கிறது என்பதை வைத்து, வந்திருக்கும் பூச்சி எந்த வகை என்று சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தெற்காசியாவில் இருக்கும் புகையான் வகை அந்த இரண்டாம் மரபணுவுக்கு அசைந்து கொடுப்பதில்லை. பிலிப்பைன்ஸ்காரனுக்குக் கைகொடுத்த அம்பை நெல்லுக்கு, அம்பையிலேயே வேலை இல்லை. வெளியூரில் பேர்வாங்கிய நம் ஊர்ப் பையன்கள் கதைதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். படிக்கும்போது கடைசி வருஷம் எங்களை ஒரு கிராமத்தில் தங்க வைத்தார்கள். கல்லிடைக்குறிச்சிக்கு அந்தப் பக்கம். இருபத்தொரு வயது, கையில் நோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. பெரியவர் ஒருவர் கூப்பிட்டுப் போய் வயலைக் காட்டினார். நட்டு மூன்று வாரம், பயிர் வளர்த்தி இல்லை, மஞ்சள் பாய்ந்து கிடந்தது. "தழைச்சத்துப் பற்றாக்குறை, யூரியா போடுங்க தாத்தா" என்றேன். குனிந்து அடியிலையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் துருப்புள்ளி தெரிந்திருக்கும். அது துத்தநாகச் சத்துப் பற்றாக்குறை. பரீட்சையில் இதைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் போட்டார். ஒருமுறை போதாதென்று இரண்டு முறை போட்டார், காலேஜ் பையன் சொல்லிவிட்டானே. பயிர் தளதளவென்று இருண்ட பச்சையில் எழும்பியது, எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அந்தப் பச்சைக்கும் நெருக்கத்துக்கும்தான் புகையான் காத்திருந்தது. அடுத்த மாதம் வட்டம் விழுந்தது. அவர் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் அப்போது புதிதாக வந்திருந்த செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்து ஒன்றைக் கொடுத்தார். அது புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் முதலில் கொன்றது. புகையான் மறுபடி, முன்னைவிட அதிகமாக.

அறுப்புக்கு முன் அவரைப் பார்க்கக் கூச்சப்பட்டு, வேறு தெரு வழியாகப் போய்வந்தேன். ஒருநாள் வாமடைப் பக்கம் மாட்டிக்கொண்டேன். திட்டவில்லை. "தம்பி, நீரு சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா நீரு வயலுக்குள்ள எறங்கவே இல்லியே வே" என்றார். அவ்வளவுதான். பிற்பாடு முப்பது வருஷம் இந்தத் துறையில் இருந்தேன். எந்த வயலுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

இந்த ஒரு பூச்சியில் படிப்பு, ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றுமே இருக்கின்றன, அண்ணாச்சி. தழைச்சத்து கூடினால் தூரின் சாறு பூச்சிக்கு எப்படி ருசிக்கிறது என்பது படிப்பு. அம்பை ஏழில் எந்த மரபணு என்பது ஆராய்ச்சி. இரண்டும் பெரியவரின் வயலுக்கு ஒழுங்காக வந்து சேர்வது விரிவாக்கம். என் அனுபவத்தில் முதல் இரண்டும் ஓரளவு நன்றாகவே நடக்கின்றன. மூன்றாவதில்தான் மடை உடைகிறது.

அதே புகையானால் இந்தோனேசியா 1980-களில் திண்டாடியது. 1986-இல் அந்த நாடு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டது. மருந்துதான் பூச்சியைப் பெருக்குகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியதை ஓர் அரசாங்கம் அப்படியே எடுத்துக்கொண்டது அபூர்வம். 1989-இல் உலக உணவு வேளாண் நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே வயல்வெளிப் பள்ளி என்ற முறையைத் தொடங்கினார்கள். வாரம் ஒருநாள் இருபது இருபத்தைந்து விவசாயிகள் ஒரு வயலில் இறங்குவார்கள். தூரைப் பிரித்து, பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணுவார்கள். மரத்தடியில் சார்ட் விரித்து, பயிரை நடுவில் வரைந்து, ஒருபக்கம் தின்கிறவன், மறுபக்கம் அவனைத் தின்கிறவன் என்று வரைவார்கள். மருந்து அடிக்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். அதிகாரி கூட இருப்பார், பேசமாட்டார். (பேசாமல் இருப்பதற்குத்தான் அதிகாரிகளுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது.) இந்த முறை பிறகு நம் ஊருக்கும் வந்தது. நான் நடத்தியவற்றில் நன்றாக நடந்தவை எல்லாம், ஊர்ப் பெண்கள் முன்வரிசையில் இருந்தவை. நாற்று நடுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் அவர்கள்தானே, தூரின் அடியை அவர்கள் அளவுக்குப் பக்கத்தில் பார்த்தவர்கள் யார்?

ஆனால் இப்போதைய நிலைமையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வட்டார விரிவாக்க மையத்தில் இருக்கும் உதவி வேளாண் அலுவலருக்குக் கிராமங்கள் பல, ஆள் ஒருவர். விதை மானியம், பயிர்க் காப்பீடு, கணக்கெடுப்பு, கைபேசிச் செயலியில் பதிவேற்றம் என்று அவர் பொழுது காகிதத்திலேயே போகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த இடத்தை நிரப்புகிறவர் உரக்கடைக்காரர். காலை ஏழு மணிக்குக் கடை திறந்திருக்கும், கடனும் கொடுப்பார், பூச்சியைப் பாட்டிலில் போட்டுக் கொண்டுபோனால் பார்த்துச் சொல்வார். என்ன, சொல்லும் மருந்து அவர் அலமாரியில் இருப்பதாகத்தான் இருக்கும். இதைப் புரிந்துகொண்டுதான் ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற மத்திய நிறுவனம் 2003-இல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கே ஒரு வருஷ டிப்ளமோ தொடங்கியது. நம் பக்கம் அதை டேசி என்பார்கள். கடைக்காரரை எதிரியாக நினைப்பதைவிட மாணவராக உட்கார வைத்தது நல்ல யோசனை என்பது என் கட்சி.

ஒருகாலத்தில் வானொலியே பாதி வேலையைச் செய்தது. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல்லை வானொலியில் சொல்லிச் சொல்லியே பரப்பினார்கள். சனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். திருநெல்வேலி வானொலியின் உழவர் நிகழ்ச்சிக்கு டீக்கடையில் சத்தத்தைக் கூட்டி வைத்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். இன்றைக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. நமக்கு மேற்கே தென்காசி அருகே ஊர்மேலழகியானில் ஒன்று, கிழக்கே வாகைகுளத்தில் ஒன்று. செயல்விளக்கத் திடல் வேண்டும் என்று நீங்களாகப் போய்க் கேட்டால் மரியாதையாகத்தான் பேசுவார்கள். கேட்டுப் போகிறவர்கள்தான் குறைவு.

நெல்லை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் கரிசல்காட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பழைய திருநெல்வேலிச் சீமையில் ஆராய்ச்சிக்கு மூத்த பிள்ளை அம்பை இல்லை, கோவில்பட்டி. 1901-இல் தொடங்கிய நிலையம் அது. வெள்ளைக்காரனுக்கு வேண்டியது பருத்தி. கருங்கண்ணியும் உப்பம் பருத்தியும் கலந்து வந்த நம் சரக்குக்கு வெளிச்சந்தையில் டின்னிஸ் என்றே பேர், அதாவது டின்னவேலி. கருங்கண்ணியில் பொறுக்கி எடுத்த கே வரிசை ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன. அந்த நிலையம் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது ரகங்களைவிட ஒரு சின்ன வேலை. மானாவாரியில் மழைக்கு முன்னால், காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிடும் முன்பருவ விதைப்பு, அதற்காக விதையைக் கடினப்படுத்துவது. சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைப்பார்கள். முதல் மழைக்கு அவசரப்பட்டு முளைத்துக் காய்ந்துபோகாமல், நின்று முளைத்து வறட்சியைத் தாங்கும். செலவு சில ரூபாய். ஆனால் புதுப் பை, புது அட்டை, புது விலை எதுவும் இல்லாததால் இதை விளம்பரம் செய்ய யாருக்கும் அக்கறை இல்லை. விற்பதற்கு ஒன்றும் இல்லாத ஆராய்ச்சி முடிவு ஊருக்குள் போய்ச் சேர்வதுதான் கடினம்.

நிலவாகையையும் சொல்லாமல் விட முடியாது. அரபு நாட்டிலிருந்து வந்து தேரிக்கும் கரிசலுக்கும் இடைப்பட்ட மண்ணில் ஊன்றிய செடி. அதன் இலை மலமிளக்கி மருந்துக்குப் போகிறது. உலகத்து மருந்து நூல்களில் அதற்கு டின்னவேலி சென்னா என்று நம் ஊர்ப் பேரே வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறும் அந்த இலையில் மலமிளக்கும் சத்தான சென்னோசைடு எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் விலை. அந்தச் செடிக்குக் கிள்ளிகுளம் கல்லூரி கே.கே.எம். 1 என்று ஒரு ரகம் கொடுத்தது. உடன்குடிப் பக்கத்துப் பனைக்கும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. பனை வைத்தவன் பலன் பார்க்க மாட்டான் என்று நம் ஊரில் சொல்வது பனை ஆராய்ச்சிக்காரருக்கும் பொருந்தும்.

கிள்ளிகுளத்தைப் பற்றி ஒரு திருத்தம். "அது தூத்துக்குடிக்காரங்க காலேஜ்" என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டம் போட்டுத் தொடங்கும்போது அது திருநெல்வேலி மாவட்டம்தான், 1986 அக்டோபரில் மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. வ.உ.சி. பேர் வைத்த கல்லூரி. வல்லநாட்டு வெளிமான் குன்று பக்கத்தில். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேர வழி, அதற்குப் போய் மாவட்டக் கணக்கு எதற்கு?

சரி, மகள் விஷயம். "நாலு தலைமுறை தெரிந்ததைப் போய்ப் படிக்கணுமா" என்பதற்கு என் பதில்: உங்களுக்குத் தெரிந்தது உங்கள் மூன்று ஏக்கர். அவள் படிக்கப்போவது வேறு. நாலு வருஷத்தில் உழவியல், மண்ணியல், பயிர் வினையியல், பூச்சியியல், நோயியல், இனப்பெருக்கமும் மரபியலும், விதை நுட்பம், வேளாண் பொருளாதாரம், விரிவாக்கம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். எதிலும் ஆழம் இருக்காது. இளநிலையில் அது குறையும் அல்ல, டாக்டருக்குப் படிக்கிறவன் முதலில் எல்லா உறுப்பையும் தொட்டுப் பார்ப்பது போலத்தான். ஒரு பாத்தி நிலம் கொடுத்து விதை முதல் அறுப்பு வரை அவளையே செய்யச் சொல்வார்கள். கடைசி வருஷம் கிராமத் தங்கல் உண்டு. அங்கே அவள் என்னை மாதிரி யூரியா சொல்லாமல் இருந்தால் சரி.

ஆழமாகப் போக நினைத்தால் முதுநிலை, முனைவர் பட்டம் என்று இன்னும் ஐந்தாறு வருஷம் பிடிக்கும். ஆராய்ச்சி நிலையத்தில் கதிர் கத்தரிக்கும் வேலைக்கு அதுதான் வழி. பி.எஸ்சி. முடித்தவர்களில் பலர் தேர்வாணையத் தேர்வு எழுதி வேளாண் அலுவலர் ஆகிறார்கள், வங்கியில் வேளாண் கள அலுவலர் ஆகிறார்கள், விதைக் கம்பெனிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் போகிறார்கள். திரும்பி வந்து அப்பாவின் வயலில் நிற்பவர்களும் உண்டு, விரல்விட்டு எண்ணலாம். அவள் படித்துவிட்டு வந்து உங்கள் நிலத்தைப் பார்ப்பாள் என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவளுக்கும் பாரம், உங்களுக்கும் ஏமாற்றம்.

அவளுக்குப் பிடித்தது பயிரா, செடியா என்றும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றில்லை. காட்டுச் செடிக்குப் பேர் தேடுவதில் ஆசை என்றால் மூன்று வருஷ பாட்டனி போதும், அதற்கு நம் ஊரைவிட வாய்த்த இடம் கிடையாது. பொதிகை மலையைச் சேர்த்து அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2016-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அதில் 2,254 வகை உயர்தாவரங்கள், அவற்றில் சுமார் 400 வகை இந்தப் பகுதிக்கே உரியவை. மிளகு, ஏலம், சாதிக்காய், வாழை இவற்றின் காட்டுச் சொந்தங்களும் அங்கே இருக்கின்றன. நாளைக்கு வாழைக்கோ மிளகுக்கோ புதுநோய் வந்தால், தாங்கும் மரபணுவைத் தேடி அங்கேதான் ஏற வேண்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் தாவரவியல் துறை பெரணிச் செடிகளில் நாடறிந்த வேலை செய்த இடம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. வேலைவாய்ப்பு என்று பார்த்தால் அக்ரிக்கு உள்ள கதவுகள் பாட்டனிக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சேர்க்கைக்கு நீட் எல்லாம் வேண்டாம். ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, இணையவழிக் கலந்தாய்வு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரே விண்ணப்பம், அதற்குள் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கேட்பார்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் உண்டு, அதற்கான சான்றிதழை இப்போதே பள்ளியில் வாங்கி வையுங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் தனி நுழைவுத் தேர்வு. அரசு கல்லூரி, தனியார் இணைப்புக் கல்லூரி இரண்டும் ஒரே பட்டியலில் வரும். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எந்தக் கல்லூரியானாலும், சேர்க்கும் முன் பண்ணை எத்தனை ஏக்கர், அதில் தண்ணீர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பயிர் நிற்காத பண்ணையில் படித்த பிள்ளை புத்தகத்துப் பூச்சியைத்தான் பார்த்திருக்கும்.

இனி உங்கள் வயல். யூரியாவை அள்ளி வீசாதீர்கள், சொல்லிவிட்டேன். அடியிலையில் துருநிறப் புள்ளி, நடுநரம்பு வெளுப்பு, பயிர் சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகக் குட்டை என்றால் துத்தநாகம்தான். இப்போதைக்கு 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டோடு 1 சதவீத யூரியா கலந்து இலைவழியாகத் தெளியுங்கள், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராமும் 100 கிராமும். பதினைந்து நாள் கழித்துப் புள்ளி இருந்தால் மறுமுறை. பிசானத்துக்கு நடுமுன்னே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து வீசுங்கள், சூப்பர் பாஸ்பேட்டோடு மட்டும் கலக்க வேண்டாம். நடும்போது எட்டடிக்கு ஓரடி இடைவெளி, அதாவது பட்டம், விடுங்கள், காற்றும் வெயிலும் தூருக்கு இறங்கட்டும். புகையான் தலைகாட்டினால் தண்ணீரை வடித்து மறுபடி கட்டுங்கள்.

மருந்து வேண்டுமா என்பதை மகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். வயலைக் குறுக்காக நடந்து இருபது தூரைப் பிரித்துப் பார்க்கட்டும். சிலந்தி இல்லாத வயலில் சிம்புக்கு, அதாவது தூரின் ஒரு தண்டுக்கு, ஒரு புகையானைத் தாண்டினால்தான் மருந்து. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். வாரம் ஒருமுறை, காலையில், சேற்றில் முழங்கால் வரை இறங்கி எண்ணி நோட்டில் எழுதட்டும். விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மூன்றாவது வாரமும் அவளாகவே நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினால் பணத்தைக் கட்டிவிடுங்கள்.